"ஆன்டிபயாட்டிக் விற்பனைக்குத் தடை": இந்த ஒரு தலைப்பில் எத்தனை தவறு?

கடைசிப்பக்கம் (இழையைத் தொடங்கியவர்)

டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கக் கூடாது என்று எந்த அரசு சொன்னாலும் செய்தி மேசையில் விழும் தலைப்பு ஒன்றுதான்: "ஆன்டிபயாட்டிக் விற்பனைக்குத் தடை". மறுநாள் படம் போட்டு ஒரு விளக்கக் கட்டுரை. மூன்றாம் நாள் ஒளித்துவைத்த கேமராவோடு நாலு மருந்துக்கடை. அதோடு அந்தச் செய்திக்கு ஆயுள் முடிந்தது.

தடை என்ற சொல்லே முதல் கோளாறு. மருந்து தடை செய்யப்படவில்லை. சீட்டு வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலான நாடுகளில் பல ஆண்டுகளாகச் சட்டத்தில் இருப்பதுதான். புதிதாக வருவது பெரும்பாலும் அதை அமல்படுத்தும் உத்தரவு, அல்லது வெறும் சுற்றறிக்கை. செய்தியாளர் எழுதும் முன் கேட்க வேண்டியவை: இது சட்டத் திருத்தமா, அரசாணையா, சுற்றறிக்கையா? எந்தத் தேதியிலிருந்து? எந்தெந்த மருந்து? தண்டனை கடைக்காரருக்கா, மருத்துவருக்கா? யார் போய்ப் பார்ப்பார்கள், எதை வைத்துப் பார்ப்பார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அதுவே செய்தி. அதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

துறை தெரிந்தவர்கள் வந்து பிழைகளைப் பட்டியலிடுங்கள். "ஊடகம் சரியில்லை" என்று பொதுவாகப் புலம்ப வேண்டாம். எந்த வரி, ஏன் தவறு, பதிலுக்கு என்ன எழுதலாம், அது போதும்.

---

அகர்த்தட்டு

மொழியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் தமிழில் இந்தச் செய்தி கெட்டுப்போவது அங்கேதான்.

பாதிச் செய்திகள் ஆன்டிபயாட்டிக்கை "நோய் எதிர்ப்பு மருந்து" என்கின்றன. படிப்பவர் மனதில் "நோய் எதிர்ப்புச் சக்தி" ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஆக, "நோய் எதிர்ப்பு மருந்துக்குக் கட்டுப்பாடு" என்றால், உடம்புக்குத் தெம்பு தரும் ஏதோ ஒன்றை அரசு பறிக்கிறது என்று படுகிறது.

இதைவிட மோசம், கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போவதை "எதிர்ப்புத் திறன் அதிகரிப்பு" என்று எழுதுவது. "நோய் எதிர்ப்புத் திறன் அதிகரித்து வருவது கவலை அளிக்கிறது" என்று ஒரு வாக்கியம் அச்சில் வந்தால் வாசகர் என்ன நினைப்பார்? நல்லதுதானே, எதற்குக் கவலை என்பார். "ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு" என்று சுருக்கினாலும் சிக்கல்தான்: ஆன்டிபயாட்டிக்கை யாரோ எதிர்த்துப் போராடுவது போல ஒலிக்கிறது.

அடுத்தது "உடல் மருந்துக்குப் பழகிவிடும்" என்ற வரி. பழகுவது உடல் அல்ல, பாக்டீரியா. இது சொல் நுணுக்கம் பார்க்கும் வேலையில்லை. உடல் பழகும் என்று நம்புகிறவர், "நான் மாத்திரையே போடுவதில்லை, எனக்கு மருந்து நன்றாக வேலை செய்யும்" என்ற முடிவுக்கு வருவார். மசியாத பாக்டீரியா இன்னொருவரிடமிருந்து அவருக்குத் தொற்றினால் அவர் மாத்திரையே தொடாதவர் என்பது எந்தப் பயனும் தராது. சீட்டுக் கட்டுப்பாடு ஏன் தனிமனித விருப்பத்தைத் தாண்டிப் பொது விதியாக வருகிறது என்பதன் காரணமே இதுதான். அந்த ஒரு வரி தவறினால் கட்டுரையின் மீதி எல்லாம் வீண்.

"கிருமி" என்ற சொல்லையும் பார்த்துப் போட வேண்டும். வைரஸும் கிருமி, பாக்டீரியாவும் கிருமி. "கிருமித் தொற்றுக்கு எடுக்கும் மருந்து" என்று எழுதினால் சளிக்கும் அதுவே என்றாகிவிடும்.

என் பரிந்துரை: ஆன்டிபயாட்டிக் என்றே எழுதுங்கள், எல்லோருக்கும் தெரிந்த சொல். முதல் இடத்தில் மட்டும் "பாக்டீரியாவைக் கொல்லும் அல்லது பெருகவிடாமல் தடுக்கும் மருந்து" என்று ஒரு விளக்கம். மற்றதற்கு "மருந்துக்கு மசியாத பாக்டீரியா". நீளம்தான், ஆனால் யாரும் தப்பாகப் படிக்க மாட்டார்கள்.

---

கடைசிப்பக்கம்

"மசியாத" என்பதைக் கடன் வாங்கிக்கொள்கிறேன். "மருந்தெதிர்ப்பு" என்று ஒட்டி எழுதினால்?

---

அகர்த்தட்டு

உள்ளே எழுதலாம், தலைப்பில் வேண்டாம். முதல் தடவை பார்க்கிறவர் "மருந்து எதிர்ப்பு இயக்கம்" என்று நினைக்க வாய்ப்பிருக்கிறது.

---

கல்வமும்குழவியும்

மருந்தாளுநர் பக்கத்திலிருந்து. ஒளிகேமராக் காரர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் அவர்கள் தேடுகிற இடம் தவறு. கவுன்டரில் நிற்கிற பையன் மாத்திரை எடுத்துக் கொடுத்தான் என்பது ஒரு நிமிடக் காட்சி. ஆதாரம் பதிவேட்டில் இருக்கிறது.

இந்திய விதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 ஆகஸ்டில் அறிவித்து 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது எச்-1 பட்டியல், அதாவது சீட்டோடு தனிப் பதிவேடும் கேட்கும் மருந்துகளின் பட்டியல். அப்போது மொத்தம் 46 மருந்துகள். அதில் செஃபிக்ஸைம் போன்ற மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள், மெரோபெனெம் வகை, லெவோஃப்ளாக்ஸசின், காசநோய் மருந்துகள் எல்லாம் உண்டு. இவற்றை விற்றால் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும்: சீட்டு எழுதிய மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், கொடுத்த அளவு. பதிவேட்டை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும்.

இப்போது கவனியுங்கள். அமாக்ஸிசிலின், அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்ஸசின் இந்த எச்-1-இல் இல்லை. பழைய எச் பட்டியலில்தான். அதற்கும் சீட்டு வேண்டும், ஆனால் இந்தத் தனிப் பதிவேடு தேவையில்லை. "எல்லா ஆன்டிபயாட்டிக்கும் இனி பதிவேட்டில்" என்று அப்போது எழுதிய செய்திகள் தவறு. கடைகளில் அதிகம் ஓடுகிற மருந்துகளே அந்தப் பதிவேட்டுக்கு வெளியில் இருந்தன.

செய்தியாளர் செய்யக்கூடிய கணக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு மருந்து, ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தேதி இருப்பு, அந்த மாதக் கொள்முதல் பில்கள், கடைசித் தேதி இருப்பு. உதாரணத்துக்கு இருப்பு 40 ஸ்ட்ரிப், வாங்கியது 200, மிச்சம் 30 என்றால் விற்றது 210. ஸ்டாக்கிஸ்டுக்கு (மொத்த விற்பனையாளருக்கு) திருப்பி அனுப்பியதும் காலாவதி ஆனதும் இருந்தால் அதையும் கழித்துவிடுங்கள், இல்லையென்றால் நேர்மையான கடையும் திருட்டுக் கடையாகத் தெரியும். பதிவேட்டில் 64 ஸ்ட்ரிப்தான் இருக்கிறதா? மீதி 146 எங்கே போனது என்பதுதான் கேள்வி. எந்தக் கேமராவும் இதைப் பிடிக்காது.

கணக்கு டாலியானாலும் பதிவேட்டை ஒருமுறை கண்ணால் பாருங்கள். முப்பது நாள் பதிவும் ஒரே பேனா, ஒரே சாய்வு, அடித்தல் திருத்தலே இல்லை, எல்லாச் சீட்டும் ஒரே மருத்துவர் பெயரில் என்றால் அது மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதியது. உண்மையான பதிவேடு அழுக்காக இருக்கும்.

---

எட்டாவதுவரி

கல்வம் சார் சொன்னதை ஒட்டி ஒன்று. அந்தப் பதிவேட்டைச் செய்தியாளரிடம் காட்ட வேண்டிய கட்டாயம் கடைக்காரருக்கு இல்லை. நோயாளி பெயர் வேறு இருக்கிறது. ஆய்வாளர்கள் எத்தனை கடை பார்த்தார்கள், எத்தனை உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது, எத்தனை வழக்கு தீர்ப்பு வரை போனது என்பவற்றைத் துறையிடம் எழுத்தில் கேட்பதே நடக்கக்கூடிய வழி. மூன்று எண்ணும் சேர்ந்து வந்தால்தான் பொருள். "5,000 கடைகளில் அதிரடிச் சோதனை" என்று முதல் எண்ணை மட்டும் கொடுப்பார்கள். மற்ற இரண்டையும் கேட்டு வாங்குவதுதான் வேலை.

---

வகுத்தல்குறி

சதவீதத்துக்கு வருவோம். "கட்டுப்பாட்டுக்குப் பிறகு விற்பனை இத்தனை சதவீதம் சரிவு" என்று வரும் செய்திகளில் எதன் சதவீதம் என்றே இருக்காது. பணமா, பெட்டியா, மாத்திரையா? மூன்றும் மூன்று விடை தரும். விலை குறைந்த மருந்து போய் விலை கூடிய மருந்து வந்தால் பெட்டி குறையும், பணம் ஏறும்.

ஆய்வாளர்கள் பயன்படுத்துவது டி.டி.டி. என்கிற அலகு: ஒரு மருந்தை வளர்ந்த ஒருவர் அதன் முக்கியப் பயனுக்கு ஒரு நாளில் எடுக்கும் சராசரி அளவு என்று உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வாய்வழி அசித்ரோமைசினுக்கு 0.3 கிராம். ஆக 500 மில்லிகிராம் மாத்திரை மூன்று என்பது 1.5 கிராம், 5 டி.டி.டி. ஆயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு எத்தனை டி.டி.டி. என்று சொன்னால்தான் ஊருக்கு ஊர் ஒப்பிடலாம். 10 லட்சம் பேர் உள்ள நகரத்தில் ஓராண்டில் 5,475 கிலோ அமாக்ஸிசிலின் விற்றது என்று வைத்துக்கொள்வோம். அமாக்ஸிசிலின் டி.டி.டி. 1.5 கிராம். வகுத்தால் 36,50,000. அதை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 10,000. ஆயிரம் பேருக்கு 10.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. அமாக்ஸிசிலினின் டி.டி.டி. 2018 வரை 1 கிராம். 2019 ஜனவரியிலிருந்துதான் 1.5 ஆக மாற்றினார்கள். மேலே உள்ள அதே நகரத்தின் கணக்கைப் பழைய அலகில் போட்டால் 15 வரும். ஒரு கேப்ஸ்யூல்கூடக் குறையாமல் 15, 10 ஆகிவிட்டது. 2018 அறிக்கையையும் 2020 அறிக்கையையும் பக்கத்தில் வைத்து "மூன்றில் ஒரு பங்கு சரிவு, கொள்கைக்கு வெற்றி" என்று எழுத யாருக்கும் கை துறுதுறுக்கும். எந்த ஆண்டின் அலகு என்று அடிக்குறிப்பைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

---

சும்மாபடிப்பவன்

சார், அலகும் ஒன்றுதான், மாத்திரை எண்ணிக்கையிலும் குறைந்திருக்கிறது என்றால் கொள்கை வேலை செய்தது என்று எழுதலாம் இல்லையா?

---

வகுத்தல்குறி

அவசரப்படாதீங்க தம்பி. இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று பதுக்கல். அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவில் சில மாதம் இருக்கும். அந்த இடைவெளியில் ஜனங்கள் வாங்கி வீட்டில் வைப்பார்கள், கடைகளும் தள்ளிவிடப் பார்க்கும். வழக்கமாக மாதம் 100 என்றால் அமலுக்கு முந்தின மாதம் 130, அமலான மாதம் 70. செய்தியில் "46 சதவீதம் வீழ்ச்சி". இரண்டு மாதத்தையும் சேர்த்துச் சராசரி பாருங்கள்: 100. ஒன்றுமே குறையவில்லை.

இரண்டு பருவம். சளி, காய்ச்சல் காலத்தில் விற்பனை ஏறும், பிறகு தானாக இறங்கும். போன மாதத்தோடு ஒப்பிடக் கூடாது. போன ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும். முடிந்தால் அமலுக்கு முன் 24 மாதம், பின் 24 மாதம் வரிசையாகக் கோடு போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்த கோடா, அமல் தேதியில் ஒடிந்த கோடா என்று கண்ணுக்கே தெரியும்.

மூன்றாவதும் இருக்கிறது, இடம்பெயர்வு. ஒரு பட்டியலை இறுக்கினால் விற்பனை பட்டியலில் இல்லாத மருந்துக்கு நகரும். அதனால் ஒரு மருந்தின் சரிவை மட்டும் காட்டாதீர்கள். இரண்டு என்று சொல்லி மூன்றாகிவிட்டது, மன்னிக்கவும்.

---

எட்டாவதுவரி

இதே கொள்கை வேறு வேறு நாட்டில் வேறு வேறு மாதிரி போனதற்குக் காரணம் தேடினால் ஊடகத்தின் பங்கும் தட்டுப்படும்.

சிலி 1999-இல் அமல்படுத்தியது, கூடவே மக்களுக்கான பிரசாரமும் நடந்தது. பயன்பாடு சட்டென்று இறங்கியது. கெடுபிடி தளர்ந்த பின் வந்த ஆண்டுகளில் மெல்ல ஏறியது. முதல் பாதி செய்தியானது, இரண்டாம் பாதி ஆய்விதழோடு நின்றுவிட்டது. வெனிசுவேலா 2006-இல் மூன்று வகை மருந்துகளுக்கு உத்தரவு போட்டது. பிரசாரம் இல்லை, பயன்பாடும் இறங்கவில்லை.

மெக்ஸிகோ இன்னும் சுவாரசியம். சீட்டு வேண்டும் என்ற சட்டம் அங்கே முன்பே உண்டு. 2009 பன்றிக் காய்ச்சலுக்குப் பிறகு சுயமருத்துவம் பற்றிய பேச்சு சூடுபிடித்து, 2010 ஆகஸ்ட் 25 முதல் கறாராக அமலுக்கு வந்தது. இன்ஃப்ளுயென்ஸா வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது என்பதைக் கவனியுங்கள். கொள்கைக்குச் சொல்லப்பட்ட நியாயம் பெரும்பாலும் சுயமருத்துவத்தின் ஆபத்து. மசியாத பாக்டீரியா பின்னுக்குப் போய்விட்டது. பிறகு என்ன ஆனது? மருந்துக்கடைகளை ஒட்டியே மருத்துவர் அறைகள் மளமளவென்று பெருகின. சீட்டு கிடைத்தது, பக்கத்துக் கதவில். கடையில் விற்பனை ஆனால்தான் அறைக்கு வாடகை கட்டும் என்ற நிலையில் எழுதப்படும் சீட்டு எந்த அளவுக்குச் சீட்டு? அமலான வாரத்தில் எழுதிய எந்தச் செய்தியிலும் இது இருக்க முடியாது. ஆறு மாதமோ இரண்டு ஆண்டோ கழித்துத் திரும்பிப் போனவர்களுக்குத்தான் இந்தச் செய்தி கிடைக்கும்.

பிரேசிலில் 2010 அக்டோபரில் விதி வந்தது. சீட்டு இரண்டு பிரதி, ஒன்று கடையில் நிற்கும், 10 நாளைக்குத்தான் செல்லும். அப்போது மருத்துவமனைகளில் கே.பி.சி. (கார்பபெனெம் என்ற கடைசிக்கட்ட ஆன்டிபயாட்டிக்கைச் சிதைக்கும் நொதி) கொண்ட பாக்டீரியாவின் பரவல்தான் முதல் பக்கம். அந்தச் சூட்டில் விதி எளிதாக வந்தது. ஆனால்...

---

அகர்த்தட்டு

அந்த "ஆனால்" என் வேலை. கே.பி.சி. மருத்துவமனைப் பிரச்சினை. தீவிர சிகிச்சைப் பிரிவு, வென்டிலேட்டர், சிறுநீர்க் குழாய், கை கழுவாமை, ஊசி வழியாகப் போகும் கார்பபெனெம். கடையில் சீட்டில்லாமல் விற்கும் அமாக்ஸிசிலினை நிறுத்தியதால் அந்த வார்டில் பரவல் நின்றுவிடாது. இரண்டையும் ஒரே பத்தியில் போட்டால் வாசகர் அடுத்த மாதமே "விதி வந்தும் சூப்பர் கிருமி போகவில்லையே" என்பார். 2010 ஆகஸ்டில் என்.டி.எம்.-1 ("நியூ டெல்லி" என்று பெயரில் தாங்கிய, கார்பபெனெமைச் சிதைக்கும் இன்னொரு நொதி) பற்றி லான்செட் குழும இதழில் கட்டுரை வந்தபோது இந்தியாவில் நடந்தது வேறு விதம்: பெயரில் ஏன் டெல்லி என்ற சண்டையே செய்தியாகிவிட்டது, சீட்டில்லா விற்பனையும் மருத்துவமனைச் சுகாதாரமும் கடைசிப் பத்திக்குப் போயின.

கொள்கை வந்தால் மசியாத பாக்டீரியா எப்போது குறையும் என்ற கேள்விக்கும் ஒற்றை விடை கிடையாது. பின்லாந்தில் எரித்ரோமைசின் வகை மருந்தைக் குறைத்தார்கள். அதற்கு மசியாத தொண்டை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் 1992-இல் 16.5 சதவீதமாக இருந்தது 1996-இல் 8.6 ஆனது. பிரிட்டனில் 1990-களில் சல்ஃபா மருந்துகளின் பயன்பாடு ஏறக்குறைய அற்றுப்போன பிறகும் ஈ.கோலையில் அதற்கான எதிர்ப்பு அப்படியே நின்றது. அந்த எதிர்ப்பைத் தரும் மரபணு மற்ற மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்களோடு ஒரே பிளாஸ்மிடில் (பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று கைமாற்றும் டி.என்.ஏ. வளையத்தில்) ஒட்டிக்கொண்டு பயணம் செய்வது ஒரு காரணம். ஆகவே "ஆறு மாதத்தில் பலன்" என்று எந்த அதிகாரி சொன்னாலும் மேற்கோள் குறிக்குள்ளேயே வைத்திருங்கள், உங்கள் வாக்கியமாக்காதீர்கள்.

---

கடைசிப்பக்கம்

மருந்துக்கு மசியாத தொற்றுகளால் நேரும் சாவு எண்ணிக்கையில் மேசைக்கு வரும் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். 12.7 லட்சம், 49.5 லட்சம், 1 கோடி, 3.9 கோடி, நாலும் வருகிறது.

---

வகுத்தல்குறி

நாலும் நாலு பொருள்.

2019-இல் பாக்டீரியாவின் மருந்தெதிர்ப்பே நேரடிக் காரணமான இறப்பு 12 லட்சத்து 70 ஆயிரம் என்பது மதிப்பீடு. அதே தொற்று மருந்துக்கு மசிகிற பாக்டீரியாவால் வந்திருந்தால் இவர்கள் பிழைத்திருப்பார்கள் என்ற கணக்கு. 49 லட்சத்து 50 ஆயிரம் என்பது மசியாத தொற்று உடலில் இருந்த நிலையில் நேர்ந்த இறப்புகள். தொற்றே இல்லாமல் இருந்திருந்தால் என்ற ஒப்பீடு. முதல் எண் இரண்டாவதற்குள் அடக்கம், கூட்டக் கூடாது.

1 கோடி என்பது 2050-இல் ஆண்டுக்கு இத்தனை ஆகலாம் என்று பிரிட்டனில் ஓ'நீல் குழு போட்ட கணிப்பு, காசநோய், மலேரியா, எச்.ஐ.வி. எல்லாம் சேர்த்து. இதை "ஆண்டுதோறும் 1 கோடிப் பேர் இறக்கின்றனர்" என்று நிகழ்காலத்தில் போட்டுவிடுகிறார்கள். 3.9 கோடி என்பது 2025 முதல் 2050 வரை மொத்தமாக, நேரடி இறப்பு மட்டும், 2024-இல் வந்த இன்னொரு கணிப்பு. மில்லியனை லட்சமாக்கும்போது ஒரு சுழி விழுந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. 1 மில்லியன் என்றால் 10 லட்சம். மேசையில் எழுதி ஒட்டிவையுங்கள்.

---

கல்வமும்குழவியும்

ஒளிகேமராவுக்குத் திரும்புகிறேன். ஆய்வாளர்களும் நோயாளி வேடத்தில் ஆளனுப்புவார்கள். வித்தியாசம் முறையில். ஒரே வசனம், எல்லாக் கடையிலும். "தொண்டை வலி, இரண்டு நாளாக" என்று தொடங்கி முதலில் நிவாரணம் மட்டும் கேட்பது, கொடுக்கவில்லையென்றால் "இதைவிட வலுவாக" என்பது, கடைசியில்தான் "ஆன்டிபயாட்டிக் கொடுங்கள்" என்பது. எந்தப் படியில் மருந்து வந்தது என்று குறிப்பார்கள். முதல் படியிலேயே எடுத்து நீட்டும் கடையும், மூன்றாம் படியில் மனமில்லாமல் கொடுக்கும் கடையும் ஒன்றில்லை. அலர்ஜி உண்டா, கர்ப்பமா என்று கேட்டார்களா, எத்தனை நாளைக்குக் கொடுத்தார்கள் என்பதும் பதிவாகும். கடைகளையும் உரிமப் பட்டியலிலிருந்து குலுக்கித்தான் எடுப்பார்கள். தொலைக்காட்சிக்காரர் நேராக மூன்றாம் படியில் தொடங்குவார், அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடையில்.

முறையாகச் செய்ய நேரமில்லையென்றால் சதவீதம் போடாதீர்கள். "சென்ற 5 கடைகளில் 4-இல் கொடுத்தார்கள்" என்று எழுதினால் போதும். "80 சதவீதக் கடைகள்" என்றால் நாடு முழுக்க என்றாகிவிடும்.

---

எட்டாவதுவரி

எதிர்ப்பக்கமும் வர வேண்டும். மருத்துவரே எட்டாத தூரத்தில் இருக்கும் இடத்தில் சீட்டு கட்டாயம் என்றால் குழந்தையின் நிமோனியாவுக்கு மருந்தே கிடைக்காது. மருந்து கிடைக்காமல் சாவதும் சாவுதான். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்றாகப் பிரித்தது: எளிதில் கிடைக்க வேண்டியவை, கவனித்துக் கொடுக்க வேண்டியவை, கடைசிக்கென்று ஒதுக்க வேண்டியவை. 2024 செப்டம்பரில் ஐ.நா. பிரகடனம் வைத்த இலக்கு, 2030-க்குள் மொத்தப் பயன்பாட்டில் 70 சதவீதமாவது முதல் வகையில் இருக்க வேண்டும் என்பது. அதாவது குறிக்கோள் வெறுமனே குறைப்பதல்ல. அமாக்ஸிசிலின் முதல் வகை, அசித்ரோமைசின் இரண்டாம் வகை. கட்டுப்பாடு வந்த பிறகு மொத்தம் குறைந்து, இரண்டாம் வகையின் பங்கு ஏறியிருந்தால் அது தோல்விதான். பெரும்பாலான செய்தி அதை வெற்றி என்று போடும்.

---

கடைசிப்பக்கம்

இது போதும் ஒரு வழிக்குறிப்பு எழுத. தலைப்பு மட்டும் நிற்கிறது. இரண்டு வரி, வரிக்கு 18 எழுத்துக்கு மேல் போகாது. "சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்றால் உரிமம் ரத்து"?

---

கல்வமும்குழவியும்

உத்தரவில் ரத்து என்று இருந்தால் போடுங்கள். தற்காலிக நிறுத்தம் என்றுதான் பெரும்பாலும் இருக்கும், இரண்டும் ஒன்றில்லை.

---

அகர்த்தட்டு

படத்தையும் பாருங்கள். போன தடவை போட்ட வண்ணக் குவியலில் பாதி வைட்டமின் கேப்ஸ்யூல்.